பாடல் உதவி

இதில் யாருடைய பெயரும் வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தேடாதீர்கள். இருபது வருடத்துக்கு மேலாக நான் எழுதிய பாட்டுகளை இந்த ராமநாதபுரம் மாவட்டம் முழுக்க மேடை போட்டு, மைக் வைத்துப் பாடியிருக்கிறார்கள். ஒரு நாடக நோட்டீஸில்கூட என் பெயர் ஒழுங்காக வந்ததில்லை. மைக் செட் போட்டவர் பெயர் வரும். பந்தல்காரர் பெயர் வரும். நாடகக்காரர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டவர் பெயர்கூட "உணவு உபசரிப்பு" என்று கொட்டை எழுத்தில் வரும். என் பெயர் மட்டும் யாருக்கும் அகப்படாது. அப்படி இருக்கும்போது மற்றவர்கள் பெயரை நான் எதற்காக அச்சில் ஏற்ற வேண்டும்? கிடக்கட்டும்.

நாங்கள் இரண்டு பேர். நான் பாட்டு எழுதுவேன், அவர் மெட்டுப் போடுவார். அவர் உச்சிப்புளிக்காரர். கோயில் திருவிழாக் காலத்தில் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசிப்பார், மற்ற மாதங்களில் ஷேர் ஆட்டோ ஓட்டுவார். நான் முதுகுளத்தூரைத் தாண்டி ஒரு ஊரில் வாக்கப்பட்டவள். மிளகாய்க் காடு, ஆடு, புருசன், இரண்டு பிள்ளைகள். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை "ஏத்தா" என்பார், கோபம் வந்தால் "தாயே" என்பார். அவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது ஒரே ஒரு தடவைதான். எழுதும்போதுதான் இது தோன்றுகிறது, தோன்றியதும் எரிச்சலாக இருக்கிறது.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் ஊர் இளவட்டங்கள் திருவிழாவுக்கு ஒரு சமூக நாடகம் போட்டார்கள். அதற்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வெளியூரிலிருந்து வந்தவர்தான் இந்த அண்ணன். கோயில் வாசலில் வேப்பமரத்தடியில் ஆர்மோனியத்தை வைத்து, பட்டப்பகலில் ஒத்திகை நடக்கும். பக்கத்தில்தான் தண்ணீர்க் குழாய். குடத்தை வைத்துவிட்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் துபாய்க்குக் கிளம்புகிறான், அம்மா வழியனுப்ப வேண்டும். அம்மா வேடம் கட்டப்போகிற பையன் கண்ணைச் செருகிக்கொண்டு நிலவே, தென்றலே, மலரே என்று என்னத்தையோ பாடினான். யாரோ பழைய சினிமா மெட்டில் வார்த்தையை மாற்றிப்போட்டு ஒப்பேற்றியிருந்தார்கள். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"மகன் துபாய்க்குப் போறான், எந்த ஆத்தாளாவது தென்றலக் கூப்புட்டுக்கிட்டு நிப்பாளா?" என்று குழாயடியிலிருந்தே கத்திவிட்டேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். புதுப்பெண் வாயைத் திறந்துவிட்டாள் என்று என் மாமனார் முகம் சுண்டிப்போனது. அண்ணன் மட்டும் கோபப்படவில்லை. "அப்ப அந்த ஆத்தா என்னத்தப் பாடுவா? நீயே சொல்லு பாப்பம்" என்றார். எகத்தாளமாகத்தான் கேட்டார். நான் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே சொன்னேன்.

"எடுத்ததெல்லாம் எடுத்துக்கிட்ட,
என் மொகத்த எடுத்தியாப்பா?
பெட்டியில எடமில்லன்னு
வாசலிலே விட்டியாப்பா?"

அவர் ஆர்மோனியத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். கட்டைகளில் விரலை ஓட்டி, அந்த "வாசலிலே" என்ற இடத்தில் மெட்டைக் கீழே இறக்கினார். அதுவரை அது நான் சொன்ன நாலு வரிதான். அவர் இறக்கிய பிறகு குழாயடியில் நின்ற பெண்கள் முந்தானையை எடுத்து மூக்கைச் சிந்தினார்கள். அந்த ஊரில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில்தான் இருந்தார்கள். மெட்டு அவருடையது. அதை நான் எங்கேயும் மறைத்ததில்லை, இங்கேயும் மறைக்கவில்லை.

எங்கள் பக்கத்து நாடகங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. கூட்டத்திலிருந்து யாராவது ஒரு துண்டை எடுத்துக்கொண்டு மேடைக்கு வருவார். அவர் படியில் கால் வைத்ததும் நாடகம் நின்றுவிடும். ராஜா வாளை ஓங்கியிருந்தாலும் ஓங்கியபடியே நிற்க வேண்டியதுதான். துண்டு கொண்டுவந்தவர் பெயர், அவரைப் பெற்ற அய்யா பெயர், ஊர் எல்லாவற்றையும் மைக்கில் அறிவிப்பார்கள். அவர் இன்ன பாட்டு வேண்டும் என்பார். பாடித்தான் ஆக வேண்டும். சாமி பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில் வந்த துண்டைத் திருப்பி அனுப்பக் கூடாது. பாடி முடித்ததும் பாட்டுக்குச் சொந்தக்காரருக்கு அந்தத் துண்டைப் போர்த்திவிட்டுப் போவார்.

எனக்கு இந்த வழக்கத்தைக் கண்டாலே ஆகாது. நான் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு கட்டத்தைக் கொண்டுபோய் அழுகையில் நிறுத்தியிருப்பேன், சரியாக அந்த நேரத்தில் எவராவது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடை ஏறுவார். அழுத கண்ணோடு கதாநாயகி அவருக்குக் கும்பிடு போடுவாள். போச்சு, எல்லாம் போச்சு.

எங்கள் ஊர் நாடகத்தன்று துபாய்ப் பாட்டுக்குத் துண்டுமேல் துண்டாக விழுந்தது. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். எல்லாத் துண்டும் அண்ணன் கழுத்தில்தான் விழுந்தது. மேடையில் உட்கார்ந்திருந்தவர் அவர், நான் கீழே பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ஊருக்குக் கிளம்பும்போது எங்கள் வீட்டுக்கு வந்து அதில் ஒரு துண்டை என்னிடம் நீட்டினார்.

"இந்தாத்தா, உம் பங்கு."

வாங்கிக்கொண்டேன். அப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்றைக்கு நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்படித்தான் நாங்கள் ஜோடி சேர்ந்தோம். கமுதி, கடலாடி, சாயல்குடி என்று ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். தங்கச்சிமடம் பக்கம் மாதா கோயில் திருவிழாவுக்குக்கூட ஒரு நாடகத்துக்குப் பாட்டுச் செய்தோம். முதலில் எல்லாம் அவர் பஸ் ஏறி எங்கள் ஊருக்கு வருவார். என் புருசனும் இருக்க, வாசலில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டே பாட்டுச் செய்வோம். மெட்டு முதலில் வர வேண்டும் என்பார் அவர். சொல் முதலில் வர வேண்டும் என்பேன் நான். என் புருசன் இரண்டு பேருக்கும் டீயைக் கொடுத்துவிட்டு ஆட்டைப் பத்திக்கொண்டு போய்விடுவார், அவருக்கு இந்த இரைச்சல் ஆகாது.

செல்போன் வந்த பிறகு பஸ் செலவு மிச்சம். நான் மிளகாய் பறித்துக்கொண்டே பாட்டைச் சொல்லி வாய்ஸ் மெசேஜ் அனுப்புவேன். அவர் ஆட்டோவில் சவாரிக்குக் காத்துக்கொண்டே மெட்டை முனகி அனுப்புவார். நடுவில் "அண்ணே, பாம்பனுக்குப் போகுமா?" என்று ஒரு குரல் கேட்கும். "ஏறுங்க ஏறுங்க" என்பார், விட்ட இடத்திலிருந்து மெட்டைப் பிடிப்பார். உச்சிப்புளியில் நேவி விமானம் தலைக்கு மேலே போனால் அந்தச் சத்தத்தில் பாதி மெட்டு போய்விடும். "மறுபடி பாடுங்கண்ணே" என்று நான் அனுப்புவேன். மறுபடி பாடினால் வேறு மெட்டாக இருக்கும். "இதுதான் அது" என்று சத்தியம் பண்ணுவார். பொய்.

நோட்டீஸ் சங்கதிக்கு வருகிறேன். முதல் நோட்டீஸிலேயே கேட்டேன். எங்கள் ஊர்த் திருவிழாக் கமிட்டிக்காரர் ஒருவர் என் மாமனாரிடம் வந்து, "வீட்டுப் பொம்பள பேர எப்படிச் சொவத்துல ஒட்டுறது? ஆடு திங்கும், கண்டவனும் மிதிப்பான்" என்றார். எவ்வளவு அக்கறை பாருங்கள். கதாநாயகியாக நடிக்க வந்த பெண்ணின் பெயரைப் போட்டோவோடு போட்டிருந்தார்கள். அதை ஆடு தின்னாதா என்று கேட்டேன். "அவுக நாடகக்காரிக" என்றார். அப்போது நான் யாராம்? பாட்டு எழுதினால் வீட்டுப் பெண், பெயர் கேட்டால் வாயாடி. நோட்டீஸில் "பாடல்கள், இசை: ஆர்மோனியச் சக்கரவர்த்தி" என்று அவர் பெயர் மட்டும் வந்தது. ஊரே பார்த்தது. யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒரு சாக்கு. அச்சாபீஸில் அவசரம். இடம் பத்தவில்லை. மறந்துபோச்சு. "அடுத்த நோட்டீசுல போட்டுரலாம்த்தா" என்பார் அண்ணன். அவருடைய வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட பல்லவி அதுதான். ஒரு தடவை நான் பாட்டுத் தர மாட்டேன் என்று மல்லுக்கு நின்றேன். ஒரு மாதம் பேசவில்லை. அந்தத் தடவை போட்டார்கள். அவர் பெயர் நடுவில் பெரிதாக இருந்தது. ஓரத்தில், மிருதங்கக்காரருக்கும் கீழே, பொடி எழுத்தில் "பாடல் உதவி" என்று போட்டு, பெயர்கூட இல்லை, "திருமதி" என்று என் புருசன் பெயரைப் போட்டிருந்தார்கள்.

உடனே போன் போட்டேன்.

"எண்ணே, ஆருக்கு ஆரு உதவி? நீங்க எழுதுனீக, நான் பேனா எடுத்துக் குடுத்தேனா?"

"சும்மாவே இருக்க மாட்டியாத்தா நீயி? போட்டாச்சுல்ல. படிப்படியாத்தான் வரும்."

"நான் படி ஏறி முடிக்கையில எனக்குக் கருமாதி நோட்டீசுதான் அடிப்பீக."

அவர் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் பெரிய தொந்தரவு. கெட்டவராக இருந்தால் அன்றைக்கே போய்யா என்று விட்டிருப்பேன். என் பிள்ளைக்கு டெங்கு வந்தபோது ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் எங்களோடு படுத்துக் கிடந்தவர் அவர். ஒவ்வொரு நாடகம் முடிந்ததும் எனக்கென்று ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுக்காமல் இருந்ததில்லை. எல்லாம் அவருக்குப் போர்த்திய துண்டுகள். நான் அதில் மிளகாய் மூட்டை கட்டுவேன், குட்டி போட்ட ஆட்டைத் துடைப்பேன். "என்னாத்தா இப்படிப் பண்ணுற?" என்று வருத்தப்படுவார். எனக்குப் போர்த்தியதை இப்படிச் செய்ய மாட்டேன் அண்ணே என்பேன். புரியாத மாதிரி ஆர்மோனியத்தைத் தூசி தட்டுவார்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் கடற்கரைப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். வாலிநோக்கம் போகிற வழியில் தனியார் உப்பளம் இருக்கிற ஒரு ஊர். அம்மன் கோயில் திருவிழாவுக்கு அந்த ஊர் இளவட்டங்கள் தங்கள் தொழிலைப் பற்றியே ஒரு நாடகம் போட ஆசைப்பட்டார்கள். உப்பளத்தில் வேலை செய்கிற பெண் ஒருத்தியின் கதை. கமிட்டித் தலைவருக்கும் சம்மதம். அவர்தான் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர், ஊரே அவரை முதலாளி என்றுதான் சொல்லும். தன் உப்பளத்தைப் பற்றி நாடகம் என்றதும் தன்னைப் புகழ்ந்து பாடுவார்கள் என்று நினைத்துவிட்டார், பாவம்.

நான் காட்டுக்காரி. உப்பளத்தைப் பஸ்ஸில் போகும்போது வெள்ளையாகப் பார்த்ததோடு சரி. பார்க்காததை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அந்த ஊரில் என் சொந்தக்காரப் பெண் வீட்டில் போய்த் தங்கினேன். விடிந்ததும் பெண்களோடு உப்பளத்துக்குப் போவேன். பாத்தியில் கணுக்கால்வரை உப்புத்தண்ணீர். பலகையால் உப்பை வாரி வரப்பில் குவிப்பார்கள். பிறகு தலையில் துண்டைச் சுருட்டி வைத்து, கூடையைத் தூக்கிக்கொண்டு போய் மலைபோல் குவித்திருக்கிற அம்பாரத்தில் கொட்டுவார்கள். வெயில் மேலே இருந்து ஒரு தடவை, உப்பிலிருந்து ஒரு தடவை அடிக்கும். கால் விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது. அன்றைக்குச் சாயங்காலம் என் காலும் எரிந்தது.

அங்கே ஒரு அக்கா. ஆள் ஒல்லி, வாய் பெரிது. கஞ்சி குடிக்கும்போது சொன்னாள்.

"ஒருநா கஞ்சியில உப்புப் பத்தலன்னு அம்பாரத்துல கைய வச்சேன். ஒரு கை உப்பு. நான் சொமந்த உப்பு. அங்கன நின்ன மொதலாளி பொறங்கையில தட்டிவிட்டாரு. உப்பு அம்புட்டும் மண்ணுல. திருடின்னாரு." சொல்லிவிட்டு அந்தக் கையை என் முன்னால் நீட்டிக் காட்டினாள். கையில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் நீட்டினாள்.

நான் கஞ்சியைக் கீழே வைத்தேன். வரப்பிலேயே உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

"வெள்ளையா வெளஞ்ச உப்பு
வெளியூரு போகுதய்யா,
வெடிச்ச காலு ரெண்டும்
வீட்டுக்கு வருகுதய்யா.

கஞ்சிக்கு ஒரு கை உப்புக்
கையெடுத்துக் கேட்டதுக்கு
காசுள்ள மொதலாளி
கையத் தட்டி விட்டாரய்யா."

அண்ணனுக்கு அனுப்பினேன். மறுநாளே மெட்டு வந்தது. இருபது வருடத்தில் அவர் போட்டதிலேயே நல்ல மெட்டு அது, "வீட்டுக்கு" என்பதை இழுத்து இழுத்து, கால் வலிக்க நடந்து வருகிற மாதிரியே போட்டிருந்தார். நான் அதைப் பெண்களுக்குப் பாடிக் காட்டினேன். இரண்டே நாளில் பாத்தி பூராவும் அதே பாட்டு. வாருகிற பலகைக்கு அந்தத் தாளம் ஒத்துப்போனது. அந்த அக்கா தன் கையைப் பற்றிய வரி வரும்போது மட்டும் பாடாமல் என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

நாடகத்தன்று மத்தியானம் மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கதாநாயகி அந்தப் பாட்டைத்தான் பாடினாள். ஊர் முழுக்கக் கேட்டது. முதலாளிக்கும் கேட்டிருக்கிறது. பொழுது சாய்கிற நேரம், மேடைக்குப் பின்னால் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம். விறுவிறுவென்று வந்தார்.

"அந்த உப்புப் பாட்ட எவன்யா எழுதுனது?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "நான்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் எழுந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

"நாந்தான் மொதலாளி எழுதுனேன். வெவரம் தெரியாம எழுதிட்டேன். மன்னிச்சுக்கங்க. எடுத்துருவோம்."

"எடுக்கலன்னா மேடையப் பிரிச்சுருவேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். என்னை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. சமையலுக்கு வந்த பொம்பளை என்று நினைத்திருப்பார்.

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன். எனக்குப் பயமில்லை, ஆத்திரம்.

"எண்ணே, அந்தப் பாட்ட நீங்களா எழுதுனீக?"

"ஏத்தா, கத்தாத. அந்தாளு மொரடன். பொம்பளப் பிள்ள பேரச் சொல்லி, நாளைக்கு உன் வீட்டு வாசல்ல ஆளு வந்து நின்டா நான் என்ன பண்ணுவேன்? உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"பாராட்டுனாலும் ஒங்க பேரு. வைதாலும் ஒங்க பேரா? எனக்குன்னு என்னதாண்ணே மிச்சம் வச்சிருக்கீக?"

"வசவையும் நாந்தான வாங்குனேன்? அதுலகூடவா தாயே ஒனக்குப் பங்கு வேணும்?"

"ஆமா. வேணும். அதுல முழுசும் எனக்கு வேணும். எடுத்துருவோம்னு சொல்லுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

"ஒரு பாட்டுதானத்தா. நம்மகிட்ட எம்புட்டுப் பாட்டு இருக்கு."

நம்மகிட்ட! அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் அங்கே நிற்கவில்லை. நின்றிருந்தால் ஆர்மோனியத்தைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். இந்த மனுசன் என்னைக் காப்பாற்றுகிறேன் காப்பாற்றுகிறேன் என்றே இருபது வருடமாக என்னை இல்லாமல் ஆக்கியிருக்கிறார். அதை அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாலும் அவருக்கு விளங்காது. முன்னால் வந்து நின்று அடி வாங்கத் தயாராக இருந்த மனுசனை எப்படி வைவது? அதனால்தான் இன்னும் எரிந்தது.

போய்ப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உப்பளத்துக்காரிகள் எல்லாரும் பூ வைத்து, பட்டுச்சேலை கட்டி முன்வரிசையில் இருந்தார்கள்.

"நம்ம பாட்டு எப்ப வரும்?" என்றாள் அந்த அக்கா.

"வராது. எடுத்துட்டாக."

"எவன் எடுத்தான்?"

நான் முதலாளி உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டினேன். அவள் அவரை வைததை இங்கே எழுத முடியாது.

பத்து மணிக்கு மேல் மைக் கூடாது என்பதால் இப்போதெல்லாம் எங்கள் நாடகம் பொழுது சாய்ந்ததும் தொடங்கிவிடும். தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே முதலாளியின் மச்சினன் துண்டோடு மேடை ஏறினார். நாடகம் நின்றது. ஒரு சினிமாப் பாட்டுக் கேட்டார், பாடினார்கள். பிறகு முதலாளியின் மருமகன் ஏறினார். மறுபடியும் நின்றது, மறுபடியும் பாடினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அடுத்து அந்தக் கட்டம் வந்தது. கதாநாயகி அம்பாரத்தில் கையை வைத்தாள், முதலாளி வேடக்காரன் தட்டிவிட்டான், அவள் மண்ணில் உட்கார்ந்தாள். பாட்டு வர வேண்டிய இடம். ஆர்மோனியம் அழுகிற மாதிரி ஏதோ கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான். பபூன் குதித்துக்கொண்டு உள்ளே வந்தான். ஊர் சிரித்தது. என் பாட்டு இருந்த இடத்தில் சிரிப்பு.

திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் அந்த அக்காவைக் காணோம். கோபத்தில் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நினைத்தேன்.

பபூன் போகும் முன்னே திரும்பி வந்தாள். கையில் ஒரு துண்டு. உப்பளத்தில் தலைக்கு வைக்கிற துண்டு, வெயிலிலும் உப்பிலும் என்ன நிறமென்றே தெரியாமல் வெளுத்துப்போனது. பட்டுச்சேலையோடு அதைப் பிடித்துக்கொண்டு நேராக மேடைப்படியில் ஏறினாள். அந்த ஊரில் அதுவரை ஒரு பெண் துண்டு கொண்டு ஏறியதே இல்லையாம். அறிவிக்கிற மைக்செட்காரர் முழித்தார். இருந்தாலும் வழக்கம் வழக்கம்தானே. அவள் பெயர், அவளுடைய அய்யா பெயர், ஊர் எல்லாம் சொன்னார். "என்ன பாட்டு?" என்றார்.

"உப்புப் பாட்டு" என்று அவளே மைக்கில் சொன்னாள்.

மைக்செட்காரர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கையை ஆட்டினார், வேண்டாம் என்று. பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். "மச்சினன் துண்டுன்னா பாடுவாக, எங்க துண்டுன்னா ஆகாதா?" அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. "அம்மன் பாத்துக்கிட்டு இருக்கா, துண்டத் திருப்பி விட்டுருவீகளோ? விடுங்க பாப்பம்!" அப்புறம் யார் யார் கத்தினார்கள் என்று தெரியவில்லை, நானும் கத்தினேன். முதலாளி போனை எடுத்துக் குனிந்து பார்த்துக்கொண்டார். அம்மன் வாசலில் வந்த துண்டை மறுக்க அவருக்கும் வாய் வரவில்லை.

அண்ணன் வாசித்தார். கதாநாயகி பாடினாள் என்று சொல்லக் கூடாது, அவள் குரல் கேட்கவே இல்லை. உப்பளத்துக்காரிகள் அத்தனை பேரும் பாடினார்கள். கையைத் தட்டிவிடுகிற வரி வந்தபோது மேடையில் நின்ற அந்த அக்கா தன் கையை நீட்டினாள். அன்றைக்கு வரப்பில் நீட்டிய மாதிரியேதான். இந்தத் தடவை அவளும் பாடினாள்.

பாட்டு முடிந்தது. நான் இருபது வருடமாக வைது தீர்த்த வழக்கம் எனக்கே வந்து நின்றதே என்று வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடிக்கவில்லை, மைக்செட்காரர் வழக்கப்படி ராகம் போட்டு அறிவித்தார். "இந்தப் பாடலை இயற்றி இசையமைத்த ஆர்மோனியச் சக்கரவர்த்தி அண்ணன் அவர்களுக்கு..." அண்ணன் தலையைக் குனிந்தார். துண்டு வாங்கிப் பழகிய தலை, தானாகக் குனிந்தது.

அந்த அக்கா துண்டை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். எழுதியது யார் என்று அவளுக்குத் தெரியும். கூட்டத்தில் என்னைத் தேடினாள்.

நான் எழுந்தேன். யாரையும் மிதிக்காமல் போனேனா என்று தெரியாது. படியேறி, மைக்செட்காரர் கையிலிருந்த மைக்கை வாங்கினேன். அவர் விடவில்லை, இழுத்துத்தான் வாங்கினேன். என் பெயரைச் சொன்னேன். என் அய்யா பெயரைச் சொன்னேன். நான் பிறந்த ஊரைச் சொன்னேன். துண்டு போடுகிறவனுக்கெல்லாம் சொல்கிறார்களே, அதே முறையில், அதே வரிசையில் சொன்னேன். என் பெயர் நாலு ஸ்பீக்கரிலும் போய் உப்பளத்துப் பக்கம் கேட்டது.

"இந்தப் பாட்ட எழுதுனது நான். மெட்டுப் போட்டது அண்ணன். இதுல தப்பு இருந்தா அவர வைய வேணாம், என்னைய வைங்க. எங்கிட்ட வந்து எடுக்கச் சொல்லுங்க, எடுப்பனா மாட்டனான்னு அப்ப பாப்பம்."

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். முன்வரிசைப் பெண்களும் எழுந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சாமி கும்பிடப் போகிறவர் மாதிரி கோயிலுக்குள் போய்விட்டார். அந்த அக்கா துண்டை எனக்குப் போர்த்தினாள். உப்பில் விறைத்துப்போன துண்டு, கழுத்தை அறுத்தது. நான் எடுக்கவில்லை.

திரும்பி வருகிற வேனில் அண்ணன் எனக்கு முன்சீட்டில் இருந்தார்.  சாயல்குடி தாண்டியதும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அம்புட்டுப் பேரு முன்னாடி எனக்கு அசிங்கமாப் போச்சுத்தா."

"எனக்கு இருவது வருசமா அசிங்கமாத்தாண்ணே இருந்துச்சு" என்றேன்.

அவர் திரும்பவில்லை. ஊர் வந்து நான் இறங்கும்போதுதான், முதல் தடவையாக, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "பாத்துப் போ" என்றார்.  கோபம் இன்னும் போகவில்லை. இன்றைக்கும் போகவில்லை. பாட்டுச் செய்கிறோம், சண்டையும் போடுகிறோம். அந்த ஊரிலிருந்து மறுபடி எங்களைக் கூப்பிடவில்லை. மற்ற ஊர் நோட்டீஸ்களில் என்ன போடுகிறார்கள் என்று நான் பார்ப்பதில்லை. திரை விலகியதும் மேடை ஏறி, மைக்கை வாங்கி, நானே சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

அந்தத் துண்டில் மட்டும் மிளகாய் மூட்டை கட்டவில்லை.

என் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்தே ஆக வேண்டுமென்றால் வாலிநோக்கம் பஸ்ஸில் ஏறி, வழியில் உப்பளத்தில் இறங்கி, பாத்தியில் நிற்கிற எந்தப் பெண்ணிடமாவது உப்புப் பாட்டை எழுதியது யார் என்று கேளுங்கள்.

சொல்வாள்.